ரூ.2.48-க்கும் ரூ.3.24-க்கும் நடுவே

1 மெகாவாட் சூரியமின் நிலையம் ஒன்று. பேனல், இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம், டிரான்ஸ்ஃபார்மர், துணைமின் நிலையம் வரை லைன் இழுக்கிற செலவு எல்லாம் சேர்த்து 4 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வெயில் அடிக்கும் இடத்தில், முழுத் திறனில் 21 சதவீதம் என்ற கணக்கில், ஆண்டுக்கு 18.4 லட்சம் யூனிட் கிடைக்கும். பேனல் கழுவ, புல் வெட்ட, காவலுக்கு, காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 5 லட்சம். ஆயுள் 25 ஆண்டு. இந்த எண்கள் எதையும் தொடாமல், போட்ட பணத்துக்கான வட்டியும் லாபமும் கலந்த சராசரி விகிதத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். 9 சதவீதம் என்றால் ஒரு யூனிட்டின் அடக்கவிலை ரூ.2.48. 11 என்றால் ரூ.2.85. 13 என்றால் ரூ.3.24.

வெயில் அதேதான், பேனல் அதேதான். அரசின் கொள்கை நாளை மாறுமோ என்ற, பணம் கொடுத்தவரின் பயம் மட்டும் கூடியிருக்கிறது. அந்தப் பயத்தின் விலை யூனிட்டுக்கு 76 காசு, அதாவது 30 சதவீதம்.

இதே சோதனையை ஒரு நிலக்கரி நிலையத்துக்கும் செய்யலாம். மெகாவாட்டுக்கு 8 கோடி முதலீடு, 75 சதவீத இயக்கம், சொந்த உபயோகம் 7 சதவீதம் கழித்தால் ஆண்டுக்குச் சுமார் 61 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 0.7 கிலோ நிலக்கரி. டன் 4,500 ரூபாய் என்றால் எரிபொருள் மட்டும் ரூ.3.15. பராமரிப்பு 50 காசு. 9 சதவீதத்தில் மொத்தம் ரூ.4.98, 13 சதவீதத்தில் ரூ.5.44. ஏற்றம் 46 காசுதான், 9 சதவீதம். நிலக்கரியில் செலவின் பெரும்பகுதி அன்றன்றைக்கு எரிப்பது. அதை மின்கட்டணத்தில் தள்ளிவிடவும் வழி உண்டு. சூரியனிலும் காற்றிலும் 25 ஆண்டுச் செலவை முதல் நாளே கொட்டிவிட வேண்டும். அதனால்தான் அரசின் கொள்கை ஆடும்போது இரண்டும் ஒரே அளவு ஆடுவதில்லை. புகை இல்லாதது அதிகம் ஆடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏற்கெனவே கட்டி நிற்கும் பழைய அனல்மின் நிலையத்தோடு புதிய சூரியமின் நிலையம் போட்டியிடும்போது, பழையதில் முதலீடு முடிந்த கதை. அதன் எரிபொருள் செலவு மட்டும்தான் கணக்கு, இங்கே ரூ.3.15. சூரியன் ரூ.2.48-க்கு வந்தால் பழைய கொதிகலனை அணைத்துவைப்பது லாபம். ரூ.3.24-க்கு வந்தால் நிலக்கரியை எரித்துக்கொண்டே இருப்பது லாபம். ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,290 டன் நிலக்கரி எரியுமா எரியாதா என்பதை முடிவு செய்வது தொழில்நுட்பம் அல்ல, அந்த 4 சதவீதம்தான். (வரி, பேனல் தேய்வு எல்லாம் சேர்க்காத எளிய கணக்கு இது. சேர்த்தால் எண்கள் நகரும், முடிவு மாறாது.)

பயம் வட்டி விகிதத்தில் மட்டும் ஏறாது. கடன் தரும் வங்கி, மின்சாரம் வாங்குகிற மாநில டிஸ்காம் (மின்விநியோக நிறுவனம்) மேல் நம்பிக்கை குறைந்தால், முதலில் கடன் காலத்தை 18 ஆண்டிலிருந்து 15-க்குக் குறைக்கும். சொந்தப் பணம் 25 சதவீதம் போதும் என்றிருந்ததை 30 ஆக்கும். தவணைக்கான காப்புநிதியாக ஒரு காலாண்டுத் தொகை போதும் என்றதை இரண்டு காலாண்டு ஆக்கும். ஒவ்வொன்றும் சொந்தப் பணத்தின் பங்கைக் கூட்டுகிறது. சொந்தப் பணம்தான் இருப்பதிலேயே விலை கூடிய பணம். பணம் தாமதமாக வந்தால் அது வேறு. மேலே சொன்ன நிலையத்தின் ஆண்டு வருமானம் 46 லட்சம். அது ஒரு வருடம் தள்ளியே வருகிறது என்றால், 10 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 4.6 லட்சம் போகும். யூனிட்டுக்கு 25 காசு. 90 நாள் தவணை தவறினால் கடன் வாராக்கடன் பட்டியலில் ஏறிவிடும் என்பதால், இது வெறும் வட்டி நஷ்டத்தோடு நிற்பதும் இல்லை.

ஆந்திரா 2019

கொள்கை ஆட்டம் என்று பாடம் நடத்த வேண்டுமானால் ஆந்திரப் பிரதேசத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 2019 மே 30-ல் புதிய அரசு பதவியேற்றது. ஜூலை 1-ல் அரசாணை எண் 63: முந்தைய ஆட்சியில் கையெழுத்தான காற்றாலை, சூரியமின் ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கப் பேச்சுவார்த்தைக் குழு. அடுத்த சில நாட்களில் நிறுவனங்களுக்குக் கடிதம் போனது. காற்றாலைக்கு ரூ.2.43, சூரியனுக்கு ரூ.2.44 என்று இறங்கி வாருங்கள், இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்தாகும் என்ற தொனியில்.

அந்த இரண்டு எண்களும் வானத்திலிருந்து விழவில்லை. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பாட்லா சூரியப் பூங்கா ஏலத்தில் வந்த விலை 2.44. அதே டிசம்பரில் குஜராத்தின் காற்றாலை ஏலத்தில் வந்தது 2.43. நாட்டிலேயே அதுவரை வந்த அடிமட்ட விலைகள். ஆந்திராவின் காற்றாலைகளில் பல மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையமே நிர்ணயித்த ரூ.4.84 போன்ற விலையில், ஏல முறை வருவதற்கு முன்பு கட்டப்பட்டவை. இயந்திரம் விலை கூடுதலாக இருந்த காலத்தில் வாங்கியது. கடனும் அந்தக் காலத்து வட்டியில்.

மாநிலத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது; அதைச் சொல்லாமல் தாண்டினால் கதை பொய்யாகிவிடும். 2017 பிப்ரவரியில் முதல் தேசிய காற்றாலை ஏலத்தில் விலை ரூ.3.46-க்கு விழுந்தது. அந்தத் தேதிக்கு வெகு அருகில்கூட 4.84-க்கு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தால், அதைக் கட்டப்போவது அந்த மாநிலத்து மின்நுகர்வோர்தான். ஏலத்துக்கு மாறுவதில் காட்டிய தாமதம் உண்மையான தவறு. ஆனால் அந்தத் தவறைத் திருத்துகிற இடம் அடுத்த ஒப்பந்தம். பழைய ஒப்பந்தத்தைக் கிழிக்கலாம் என்று ஆனால், எல்லா ஒப்பந்தமும் பென்சிலால் எழுதியது என்றுதான் கடன் தருபவர் எடுத்துக்கொள்வார்.

உயர்நீதிமன்றம் ஜூலையிலேயே இடைக்காலத் தடை கொடுத்தது. செப்டம்பர் 24-ல் தனி நீதிபதி அரசாணையை ரத்து செய்தார். ஆனால் விலை விவகாரத்தை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்பி, அதுவரை 2.43, 2.44 என்ற இடைக்கால விலையில் பணம் கொடுக்கச் சொன்னார். காகிதத்தில் நிறுவனங்கள் ஜெயித்தன, வங்கிக் கணக்கில் பாதிதான் வந்தது. 2022 மார்ச் 15-ல்தான் இரு நீதிபதிகள் அமர்வு, ஒப்பந்த விலையையே கொடுக்க வேண்டும், நிலுவையை ஆறு வாரத்தில் தீர்க்க வேண்டும் என்றது. நடுவில் 32 மாதம். மத்திய மின்துறை அமைச்சர் ஆர்.கே.சிங் முதல்வருக்கு எழுதினார், ஜப்பான் தூதரும் எழுதினார். விலை பேசிய அரசுக்கு ஒரு காசு மிச்சமாகவில்லை; நாடு முழுவதும் அடுத்து வந்த டெண்டர்களில், மாநில டிஸ்காம் நேரடியாக வாங்கினால் ஒரு விலை, மத்திய அரசின் சூரிய எரிசக்திக் கழகமான செகி (SECI) நடுவில் நின்றால் அதைவிடக் குறைந்த விலை என்ற பிளவு இன்னும் ஆழமானது. நடுவில் நிற்பதற்கு செகி எடுக்கும் கமிஷன் யூனிட்டுக்கு 7 காசு. அந்த 7 காசைக் கொடுத்தும் மொத்தவிலை குறைகிறது என்றால், மாநிலங்களின் சொல்லுக்குச் சந்தை என்ன மதிப்பு வைத்திருக்கிறது என்று நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கெடு தேதியின் கொடுமை

விலையைக் குறைப்பது மட்டும் ஆட்டம் அல்ல. நல்ல விலையைக் கொடுத்து, அதற்கு ஒரு கெடு தேதி வைத்து, அதற்குப் பிறகு என்ன என்று சொல்லாமல் விடுவதும் அதே வகைதான். இதில் வியட்நாம் முதல் பரிசு வாங்கும்.

2017 ஏப்ரலில் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் என்று அறிவித்தார்கள். கெடு 2019 ஜூன் 30. சூரிய மின்சாரம் என்று பெயருக்குத்தான் இருந்த நாட்டில், அந்தத் தேதிக்குள் சுமார் 4,460 மெகாவாட் இணைந்துவிட்டது. பிறகு ஒன்பது மாதத்துக்கு மேல் விலையே இல்லை. 2020 ஏப்ரலில் புதிய விலை: தரையில் 7.09 சென்ட், கூரையில் 8.38. கெடு அந்த ஆண்டு டிசம்பர் 31. ஆண்டு முடிவில் மொத்தம் 16,500 மெகாவாட்டை நெருங்கியது. அதற்குப் பிறகு நீண்ட அமைதி. காற்றாலைக்குக் கெடு 2021 அக்டோபர் 31. கொரோனாவால் கிரேனும் ஆளும் கிடைக்காத நேரத்தில் 84 திட்டங்கள் கெடுவுக்குள் முடிந்தன, 62 முடியவில்லை. கோபுரம் நின்று, இறக்கை மாட்டி, லைனில் சேராமல் நின்றவை அவற்றில் உண்டு. அவற்றுக்கு என்ன விலை என்று 2023 ஜனவரி வரை யாரும் சொல்லவில்லை. சொன்னபோது, 8.5 சென்ட்டாக இருந்தது ஏறக்குறைய 6.7 சென்ட் உச்சவரம்பு ஆகியிருந்தது.

இதில் மின்வலை படும் பாடு தனி. விலை நாடு முழுக்க ஒன்று என்றால் எல்லோரும் வெயில் அதிகமுள்ள நின் துவான் போன்ற தெற்கு மாகாணங்களுக்கு ஓடுவார்கள். பேனல் வயல் ஆறு மாதத்தில் எழும். 500 கிலோவோல்ட் லைன் அப்படி எழாது. விளைவு: தெற்கில் சூரிய மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு உபரி. 2023 ஜூனில் வடக்கில் அணைகள் வற்றித் தொழிற்சாலைகளில் மின்வெட்டு. நாட்டின் நடுப்பகுதியிலிருந்து வடக்குக்குப் போகும் மூன்றாவது 500 கிலோவோல்ட் லைன் 2024 ஆகஸ்டில்தான் முடிந்தது.

கெடு தேதி நெருங்கும்போது களத்தில் என்ன நடக்கும் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒவ்வொரு மார்ச் 31-க்கும் பார்க்கிறார்கள். பேனலின் இரும்புச் சட்டத்தைத் தாங்கும் கம்பத்தை மண்ணிலிருந்து இழுத்துப் பார்க்கும் சோதனையை நாலு இடத்தில் செய்ய வேண்டியதை ஒரு இடத்தில் செய்து முடிப்பார்கள். முதல் புயலில் வரிசையாகச் சாயும். பேனலை லாரியிலிருந்து இறக்கிப் படுக்கவைத்து அடுக்குவார்கள், மேலே ஏறி நடப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். இரண்டு மூன்று ஆண்டில் அந்த இடம் சூடேறிக் கருகும். டி.சி. கேபிள் கனெக்டரை அதற்கான கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கி மாட்டுவார்கள். தீப்பிடிப்பதற்கு இது போதும். இன்வெர்ட்டர் பாதிதான் வந்திருக்கும், ஆனால் கமிஷனிங் சான்றிதழ் முழுத் திறனுக்கும் வாங்கியிருப்பார்கள். 25 ஆண்டு ஓட வேண்டிய நிலையம் 12 ஆண்டில் தள்ளாடுமானால் அந்தச் சூழல் கணக்கையும் யாராவது போட வேண்டும். உடைந்த பேனல் குப்பைதானே.

இந்தியக் காற்றாலைத் துறையின் ஆண்டு எண்களைப் பார்த்தால் இதயத்துடிப்புக் காகிதம் மாதிரி இருக்கும். 2011-12-ல் சுமார் 3,200 மெகாவாட். 2012 மார்ச்சோடு 80 சதவீத விரைவுத் தேய்மானம் என்ற வருமானவரிச் சலுகையும், யூனிட்டுக்கு 50 காசு உற்பத்தி ஊக்கத்தொகையும் போயின. அடுத்த ஆண்டு 1,700. சலுகைகள் திரும்பி வந்தன. 2016-17-ல் 5,500 தாண்டியது. மறுபடி தேய்மானம் 40 ஆகக் குறைந்து, ஊக்கத்தொகை முடிந்து, ஏல முறை வந்ததும் 2017-18-ல் 1,800-ஐ ஒட்டி விழுந்தது. சலுகை சரியா தவறா என்பது வேறு வாதம். ஒரு இறக்கைத் தொழிற்சாலை இந்த வரைபடத்தை வைத்து எத்தனை பேரை வேலைக்கு எடுக்கும்?

தென்னாப்பிரிக்காவில் ஏலமே ஒழுங்காக நடந்தது. ஜெயித்த 27 திட்டங்களுக்குக் கையெழுத்துப் போட அரசு மின்நிறுவனமான எஸ்காம் இரண்டு ஆண்டுக்கு மேல் மறுத்தது. 2018 ஏப்ரலில்தான் கையெழுத்தானது, 5,600 கோடி ராண்ட் முதலீடு. கையெழுத்தே நிச்சயமில்லை என்றால் ஏலத்தின் அழகு எதற்கு உதவும்? 2023-ல் அந்த நாட்டில் மின்வெட்டு இல்லாத நாட்களைத்தான் எண்ண வேண்டியிருந்தது.

பேனலுக்கு வரி

இந்தியாவில் சூரியத் துறையின் ஆட்டம் பெரும்பாலும் துறைமுகத்தில் நடந்தது. 2018 ஜூலை 30 முதல், உள்நாட்டுத் தொழிலைக் காக்க, இறக்குமதிப் பேனலுக்குப் பாதுகாப்பு வரி 25 சதவீதம். பிறகு 20, 15 என்று இறங்கி, 2020-ல் நீட்டிக்கப்பட்டு 14.9, 14.5 என்று 2021 ஜூலை 29 வரை ஓடியது. அடுத்த எட்டு மாதம் ஒன்றுமில்லை. 2022 ஏப்ரல் 1-ல் பேனலுக்கு 40, செல்லுக்கு 25 சதவீத அடிப்படைச் சுங்கம் வந்தது. நடுவில் 2021 அக்டோபரில் ஜி.எஸ்.டி. 5-லிருந்து 12, 2025 செப்டம்பர் 22-ல் திரும்பவும் 5. யாருடைய பேனலை வாங்கலாம் என்று சொல்லும் அங்கீகரிக்கப்பட்ட உற்பத்தியாளர் பட்டியல் 2021-ல் வந்தது, 2023-24-ல் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது, 2024 ஏப்ரலில் திரும்ப வந்தது.

சுங்கம் தவறு என்று சொல்ல வரவில்லை. உள்நாட்டுத் தொழிற்சாலை வேண்டும் என்றால் அதற்கு ஒரு விலை உண்டு. 2022 சுங்கத்தை 2021 மார்ச்சிலேயே அறிவித்ததும் பாராட்ட வேண்டியதே. வருடம் ஒன்று கையில் கிடைத்தது. சிக்கல் எதில் என்றால், ஏலம் எடுத்த நாளுக்கும் பேனல் வாங்கும் நாளுக்கும் நடுவில் ஒன்றரை ஆண்டு இருக்கும். 4 கோடியில் பேனல் 2.2 கோடி என்றால், 40 சதவீதச் சுங்கம் 88 லட்சம். 9 சதவீதக் கணக்கில் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 49 காசு. லாபம் யூனிட்டுக்குப் பத்திருபது காசில் நிற்கும் தொழிலில் இது தலைகீழாகக் கவிழ்த்துவிடும்.

ஜி.எஸ்.டி. 5-லிருந்து 12 ஆனது என்றால் செலவில் 7 சதவீதம் கூடியது என்று பலர் எழுதினார்கள். அப்படி இல்லை. சூரியமின் நிலைய ஒப்பந்தத்தில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று சட்டமே பிரித்துவைத்திருக்கிறது. சேவைக்கு 18 சதவீதம். எனவே கலப்பு வரி 8.9-லிருந்து 13.8 ஆனது.

ஏலத்துக்குப் பிறகு வரியோ விதியோ மாறினால் கூடுதல் செலவை ஈடுகட்டும் "சட்ட மாற்றம்" என்ற ஷரத்து இதற்கெல்லாம் மருந்து என்பார்கள். மருந்துதான், ஆனால் மெதுவாக வேலை செய்யும். வரி ஏலத்துக்கு முந்தைய தேதியில் அறிவிக்கப்படவில்லை என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு பில்லும், துறைமுகத்தின் ஒவ்வொரு இறக்குமதிப் பத்திரமும் இந்த நிலையத்துக்கே வந்த பேனலுக்குரியது என்று ஆடிட்டர் சான்றிதழோடு ஒன்றுக்கொன்று பொருத்த வேண்டும். ஒப்பந்தம் லைனுக்குத் தரும் அளவில் 100 மெகாவாட் (ஏ.சி.), போட்டதோ 140 மெகாவாட் பேனல் என்றால், கூடுதல் 40-க்கும் நஷ்டஈடு உண்டா என்று வழக்கு. எல்லாம் முடிந்து ஆணையம் ஒப்புக்கொண்டாலும் பணம் மொத்தமாக வராது, பல ஆண்டுத் தவணையாக வரும். 2021 அக்டோபரில் மத்திய அரசு இதற்கென்று தனி விதிகள் போட்டு, சூத்திரம் வைத்துக் கணக்கிடச் சொன்னதன் காரணம் இந்த இழுபறிதான்.

நாளிதழை எண்ணும் குறியீடு

பொருளாதாரக் கொள்கை நிச்சயமின்மைக்கு ஒரு குறியீடு இருக்கிறது. பேக்கர், புளூம், டேவிஸ் என்ற மூவர் உருவாக்கியது. பொருளாதாரம், கொள்கை, நிச்சயமின்மை ஆகிய மூன்று வகைச் சொற்களும் சேர்ந்து வரும் செய்திக் கட்டுரைகளை எண்ணுவார்கள். இந்தியாவுக்கு ஏழு நாளிதழ்கள், ஏழும் ஆங்கிலம். வளரும் நாடுகளின் கரியுமிழ்வையும் பசுமை மின்சாரத்தையும் இந்தக் குறியீட்டோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வுகள் குவிந்துகிடக்கின்றன. முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படும். நிச்சயமின்மை கூடினால் உமிழ்வு கூடும் என்று சில, குறையும் என்று சில. 2020-ஐ நினைத்துப் பார்த்தால் முரண்பாடு விளங்கும்: நிச்சயமின்மை உச்சத்தில், ஊரடங்கால் உமிழ்வு பள்ளத்தில். அது சூழலுக்கு வெற்றி அல்ல, தொழிற்சாலை மூடியிருந்தது. மொத்த உமிழ்வை விட்டுவிட்டு, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கரி என்பதைப் பார்ப்பதே பொருத்தமான அளவு.

என் பார்வையில் பெரிய ஓட்டை வேறு. இந்தியாவில் மின்சாரம் மத்திய, மாநில இரண்டின் கையிலும் உள்ள பட்டியலில் இருக்கிறது. காற்றாலை முதலாளியின் தூக்கத்தைக் கெடுப்பது தில்லி பட்ஜெட்டைவிட மாநில ஆணையத்தின் உத்தரவில் வரும் ஒரு பத்தி. தேசிய நாளிதழை எண்ணும் குறியீட்டில் அந்தப் பத்தி கடலில் பெய்த மழை.

தமிழ்நாட்டு பேங்கிங் அப்படியொரு பத்தி. காற்று மே மாதம் தொடங்கி ஆடியில் உச்சத்துக்குப் போய் புரட்டாசியோடு அடங்கும். மில் ஆண்டு முழுக்க ஓடும். காற்றுக் காலத்து உபரியை மின்வாரியத்தில் வரவு வைத்து, பிற மாதங்களில் எடுத்துக்கொள்வதுதான் பேங்கிங். அதற்குக் கட்டணமாக யூனிட்டிலேயே பிடிப்பார்கள். ஒரு காலத்தில் 5 சதவீதம், 2016 ஆணையில் 12, 2018-ல் 14. ஒரு 2 மெகாவாட் இயந்திரம் ஆண்டுக்கு 45 லட்சம் யூனிட் தருகிறது, அதில் 15 லட்சம் பேங்கிங்குக்குப் போகிறது என்று வைத்தால், 5 சதவீதத்தில் 75,000 யூனிட் போகும்; 14-ல் 2.1 லட்சம். வித்தியாசம் 1.35 லட்சம் யூனிட். மில்லுக்கு யூனிட் 7 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 9.45 லட்சம். மின்வாரியம் சும்மா பிடிக்கவில்லை. ஆடியில் வேண்டாத நேரத்தில் வாங்கிக்கொண்டு, மாசியில் வெளிச்சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்கித் திருப்பிக் கொடுப்பதற்கு உண்மையான செலவு உண்டு. ஆனால் அந்த எண் எத்தனை ஆண்டுக்கு நிலைக்கும் என்று முதலிலேயே சொல்லாததுதான் பிரச்சினை.

அதன் சூழல் விளைவை ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பார்க்கலாம். முப்பந்தலைச் சுற்றி நாட்டின் மிக நல்ல காற்று. அந்த இடங்களில் இன்னமும் நிற்பது 1990-களின் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள், 30 மீட்டர் உயரத்தில். அவற்றில் பத்தைக் கழற்றி 120 மீட்டர் உயரத்தில் ஒரு 2.5 மெகாவாட் இயந்திரம் வைத்தால், அதே திறனில் இரண்டு மடங்கு யூனிட் எடுக்கலாம். செய்யவில்லை. புதிய இயந்திரம் "புதியது" என்று கணக்கானால், பழையதற்கு இருக்கும் 12 மாத பேங்கிங் போய்விடுமோ என்ற பயம் ஒரு காரணம். பத்து பேருடைய நிலம் ஒன்றாக வேண்டும் என்பது இன்னொன்று. இப்படிப் பழையதை மாற்றிப் புதியது வைப்பதற்கான மத்திய அரசின் மறுதிறனூட்டல் கொள்கை 2016-ல் வந்தது, 2023-ல் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டின் கொள்கை 2024 ஆகஸ்டில் வந்தது, வந்த வேகத்தில் நீதிமன்றம் போனது. காத்திருப்பவரைக் குறை சொல்ல முடியாது. இறக்கிய கோபுரத்தைத் திரும்ப ஏற்ற முடியாது. காத்திருந்தால் அடுத்த ஆணையாவது தெரியும்.

உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் வழக்கமும் இங்கே வழக்காடப்பட்டது. சூரியன், காற்று இரண்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியவை; மின்வலைப் பாதுகாப்புக்காக மட்டுமே நிறுத்தலாம். தமிழ்நாட்டில் நிறுத்தியதில் பல முறை காரணம் பாதுகாப்பு அல்ல, பணம்தான் என்று 2021 ஆகஸ்ட் 2-ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லி, இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

சூழலைக் கவனிக்காமல் ஓடினால் அதுவே நிச்சயமின்மையாகத் திரும்பி வரும் என்பதற்கு ராஜஸ்தானின் கானமயில் சாட்சி. பறவை லைனில் மோதிச் சாகிறது என்பது முன்பே தெரிந்த விஷயம். 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் லைன்களை நிலத்தடியில் போடச் சொன்னபோது, திட்டங்கள் பாதியில் நின்றன. 2024 மார்ச்சில் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டு நிபுணர் குழுவிடம் போனது. இலங்கையில், மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை, யூனிட்டுக்கு 8.26 சென்ட் என்று 2024-ல் முடிவான திட்டம், வலசைப் பறவைகளின் பாதை என்ற எதிர்ப்போடும் விலை அதிகம் என்ற எதிர்ப்போடும் வழக்குக்குப் போய், ஆட்சி மாறி, 2025 பிப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டதோடு முடிந்தது. ஏலமில்லாமல் விலை பேசி, பறவைக் கணக்கெடுப்பை அவசரமாக முடித்தால் இப்படித்தான்.

ஒழுங்காகச் செய்தால் நடக்கும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2022 ஜூனில் தாமதக் கட்டண விதிகள் வந்தபோது டிஸ்காம்களின் பழைய நிலுவை சுமார் 1.38 லட்சம் கோடி. அதை 48 தவணை வரை பிரித்துக் கட்டலாம், தவறினால் சந்தையில் மின்சாரம் வாங்கும் உரிமை துண்டிக்கப்படும் என்றார்கள். நிலுவை வேகமாகக் கரைந்தது. மானியம் கொடுத்ததால் அல்ல, என்ன செய்தால் என்ன நடக்கும் என்று எழுதிவைத்து, அப்படியே செய்ததால்.

பலர் சேர்ந்து பங்கு போட்டுத் தங்கள் உபயோகத்துக்கே மின்சாரம் எடுக்கும் குழு கேப்டிவ் முறையில் காற்றாலையிலோ சூரியமின் நிலையத்திலோ பங்கு எடுக்கும் சிறு மில்காரர்களுக்குக் கொஞ்சம். பயனாளர்கள் சேர்ந்து 26 சதவீதப் பங்கு, ஆண்டு உற்பத்தியில் 51 சதவீத நுகர்வு என்பது 2005 மின்சார விதி. அது ஒரு நிதியாண்டில் தவறினாலும், அந்த ஆண்டு மொத்தத்துக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (வெளியாரிடம் மின்சாரம் வாங்குபவர் டிஸ்காமுக்குக் கட்டுவது) விழும். மில் மூன்று மாதம் பாதி ஷிப்டில் ஓடினால் 51 தவறுமா என்று முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். விற்பவர் காட்டும் சேமிப்புக் கணக்கில் பேங்கிங் எந்த விகிதத்தில் இருக்கிறது, அது 25 ஆண்டும் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்தத் தாளை ஓரமாக வையுங்கள். பேங்கிங் முழுவதும் எடுத்துவிட்டு, உற்பத்தியான மாதத்திலேயே பயன்படுத்துவதை மட்டும் வைத்து ஒரு முறை. மின்வாரிய லைனில் மின்சாரத்தைக் கொண்டுவருவதற்கான வீலிங், டிரான்ஸ்மிஷன் கட்டணங்களை ஒன்றரை மடங்காக்கி ஒரு முறை. இரண்டிலும் முதலீடு ஏழெட்டு ஆண்டில் திரும்பினால்தான் பேச வேண்டும். ஒப்பந்தத்தில் "சட்ட மாற்றம்" ஷரத்து யார் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குழு கேப்டிவ் ஒப்பந்தங்கள் பலவற்றில் புதிய வரி, புதிய கட்டணம் எல்லாம் மின்சாரம் வாங்குபவர் தலையில்தான். வெளியேறும் ஷரத்தில் பங்கை என்ன விலைக்குத் திரும்ப எடுப்பார்கள் என்ற வரி பெரும்பாலும் முகமதிப்பு என்றுதான் இருக்கும். மார்ச் 31-ல் கணக்கில் மிஞ்சும் யூனிட்டுக்கு முழு விலை கிடைக்காது. பழைய காற்றாலைகளுக்கு 75 சதவீதம் என்ற ஏற்பாடு உண்டு. உங்கள் இயந்திரம் எந்தத் தேதியில் கமிஷன் ஆனது என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். சான்றிதழில் அந்தத் தேதியைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.